ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டிய மெஷின்

ரேவதிக்கு மனுஷர்கள் மேல் பெரிய மதிப்பு கிடையாது. மெஷின்கள் மேல் கொஞ்சம் உண்டு. மெஷின் கெட்டுப்போனால் காட்டிக்கொடுத்துவிடும், மனுஷன் மறைப்பான் என்பது அவள் கட்சி. திருவண்ணாமலையை ஒட்டின அடி அண்ணாமலைக்காரி. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் சில வருஷம் தள்ளிவிட்டு ஊர் திரும்பியவள். இப்போது ஸ்கூட்டியில், கசிவு பார்க்கிற மெகர் பெட்டியோடு கட்டட வேலை நடக்கிற இடங்களுக்குப் போகிறாள். டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின் எல்லாவற்றிலும் கரண்ட் கசிகிறதா என்று சோதிப்பாள். தேறினால் பச்சை டேக், தேறாவிட்டால் சிவப்பு. சிவப்பைக் கண்டால் போதும், ஒவ்வொரு சைட்டிலும் சாமியாடுவார்கள்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அங்கே எல்லாவற்றுக்கும் பச்சை கட்டினாள். மறந்து வைத்த கட்டிங் பிளேயரை எடுக்க விஜயதசமி காலையில் போனால், மாடியில் மெஷின்கள் பொட்டும் பூவுமாகப் பளபளவென்று உட்கார்ந்திருந்தன, சுற்றிலும் தரையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"இதுங்கள யாரு கழுவினது?"

"நான்தான்க்கா," என்றான் மார்பிள் வெட்டும் கருப்பன், பெருமையாக. "ஷாம்பூ போட்டு ஓஸ் புடிச்சு அடிச்சேன்."

"உள்ளயும் தண்ணி பூந்துச்சா?"

"பூராதா பின்ன? உள்ளதான அழுக்கு ஜாஸ்தி."

"அப்படியே உன் தலைக்குள்ளயும் கொஞ்சம் அடிச்சிருக்கலாம்."

மார்பிள் கட்டரை மெகரில் மாட்டினாள். முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை; மெகரில் பூஜ்யம் என்றால் கரண்ட் மொத்தமும் வெளியே கசிகிறது என்று அர்த்தம். பச்சை டேக்கை நறுக்கிப் போட்டபோது சூப்பர்வைசர் பரசுராமன் வந்து நின்றார்.

"இன்னாம்மா, முந்தாநேத்து நீதான பச்ச கட்டின?"

"முந்தாநேத்து காஞ்சிருந்துச்சு சார். இப்ப ஈரம். புடிச்சா ஷாக் அடிக்கும். பிரிச்சுக் காயவெச்சு மறுபடி பாக்கணும்."

"பூஜ போட்ட மெஷின்ல செவப்பு கட்டினா வெளங்குமா? வெள்ளிக்கிழம ஓனர் வராரு. சாமி பாத்துக்கும், பச்சயே கட்டு."

கருப்பனும் தலையாட்டினான். கல் வெட்டுகிற சேற்றுத் தண்ணீரில் வெறுங்காலோடு நாள் முழுக்க நிற்கப்போகிறவன் அவன்தான். அதுகூட அந்த மண்டையில் உறைக்கவில்லை.

"சரி சார்," என்றாள் ரேவதி. "ஷூவ கழட்டிட்டு இந்தத் தண்ணியில நின்னு ஒரே ஒரு கல்ல நீங்க வெட்டிக் காமிங்க. பச்ச கட்டிட்டுப் போறேன்."

மெஷினை நீட்டினாள். பிளக்கை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். வீம்புக்கு வாங்கி ஓட்டினாலும் ஓட்டுகிற ஜாதி இது.

அவ்வளவு வீம்பும் அவருக்கு இல்லை. பரசுராமன் மெஷினைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், காலடித் தண்ணீரைப் பார்த்தார். அடிக்காத போனை எடுத்து, "அலோ, சொல்லுங்க சார்," என்று பேசிக்கொண்டே மாடிப்படி இறங்கினார்.

அவர் தலை மறைகிற வரை கருப்பன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் கால்களைப் பார்த்தான். மெதுவாகத் தண்ணீரை விட்டு வெளியே வந்து பலகை மேல் ஏறி நின்றான்.

"அந்தச் செவப்ப குடுக்கா. நானே கட்டறேன்."

"கட்டு," என்றாள் ரேவதி. "கட்டிட்டு அதையும் கழுவி வெக்காத."