பெயரை நீக்கவா?

இனிமேல் காகிதம் கிடையாது, எல்லாம் போனில்தான் என்று சிதம்பரம் அலுவலகத்தில் சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். கட்டுக் கட்டாகப் படிவங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றவளுக்கு வேறென்ன வேண்டும்?

குடும்பங்களின் உடல்நலம் பற்றிய ஆய்வு அது. கம்மாபுரம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு இரண்டாம் முறையாகப் போயிருந்தேன். போன வருடம் காகிதத்தில் எழுதிய பெயர்களை இப்போது போனில் ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொருவரும் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாரா என்று கேட்டு அழுத்த வேண்டும். வீட்டுக்கார அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பதில் சொன்னார். சின்ன மகன் பெயர் வந்ததும் கை நின்றது.

"அவுங்கப்பாவோட சண்ட போட்டுக்கினு திருப்பூர் போனவன்தான், எட்டு மாசமாச்சு. பொங்கலுக்கும் வரல. போன் போட்டா எடுக்க மாட்றான்."

ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவரைக் குடும்பத்தில் சேர்க்கக் கூடாது என்பது விதி. 'இல்லை' என்று அழுத்தினேன். சிவப்பு எழுத்தில் "பெயரை நீக்கவா?" என்று வந்தது. அந்த அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். கீரைக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"யம்மா, அழுத்தாத! அவன் என்னா செத்தா பூட்டான்?"

எங்கள் பக்கத்தில் பெயர் நீக்குவது என்றால் ரேஷன் கார்டில் நீக்குவதுதான். பெண் கல்யாணமாகிப் போனால் நீக்குவார்கள். ஆள் போய்ச் சேர்ந்தால் நீக்குவார்கள். மகனுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். இது ரேஷன் இல்லை என்று தலைகீழாக நின்று சொல்லியும் பிடி தளரவில்லை. அந்த வார்த்தையைப் போட்ட புண்ணியவான் மேல் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அங்கிருந்தே சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

"விதி அதான் மேடம். நீக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்க."

"நீங்களே வந்து இந்தம்மா முன்னாடி நீக்குங்க சார்."

கடைசியில் அவரே அந்த வரியை மாற்றச் சொல்வதாகவும், அதுவரை இந்த வீட்டைப் பாதியில் நிறுத்தி வைக்கும்படியும் சொன்னார்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். இப்போது "வெளியூரில் இருக்கிறார்" என்று இருந்தது. விதி மாறவில்லை, வார்த்தைதான் மாறியிருந்தது. அந்த அம்மா அதை இரண்டு தரம் படித்துப் பார்த்து, தன் விரலாலேயே அழுத்தினார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

கடைசியாக வீடு இருக்கும் இடத்தைப் பதிய வேண்டும். வாசலில் நின்று போனை நீட்டினேன். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்து வந்து நின்றது.

"இது என்னாது?"

"உங்க வீடும்மா. எங்க இருக்குன்னு போனே கண்டுபுடிச்சிடும்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவன் திருப்பூர்ல எங்க இருக்கான்னு காட்டுமா?"

"இல்லம்மா. நாம நிக்கிற எடத்ததான் காட்டும்."

"செரி, இத நல்லா பதிஞ்சிக்க. அவன் வந்தா இங்கதான வரணும்" என்றார்.