பியோக்லாவின் அகப்பை

புரோகோர் ஸோதிச் தர வேண்டிய கடன் ஒன்பது ரூபிள், கூடவே ஒரு மண்பானை. பியோக்லா சாவிஷ்னா அடுப்படியில் நின்று சூப்பைக் கிண்டும்போதெல்லாம் இதைத்தான் சொல்வாள். பாட்டுப் பாடிக்கொண்டே சமைக்கிற பெண்கள் உண்டு. சாமி பேரைச் சொல்லிக்கொண்டு சமைக்கிறவர்களும் உண்டு. இவள் கடனைச் சொல்லிச் சமைக்கிறவள். "ஒம்பது ரூபிள், ஒரு பானை. ஒம்பது ரூபிள், ஒரு பானை." அந்தத் தாளத்துக்கு அகப்பை சுற்றும், முட்டைக்கோஸ் வேகும்.

எங்கள் இவானவோ ஊரில் அவள் சமைக்கிற நெசவாலைச் சாப்பாட்டுக்கூடத்துக்கு மாவும் விறகும் ஏற்றிக்கொண்டு வருகிறவன் நான். எழுத்து எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் வந்தது. குதிரை அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒருத்தர் தயவும் இல்லாமல் ஆறு குதிரை சேர்த்தேன். புரட்சி ஐந்தைக் கொண்டுபோனது, ஆறாவதை நொண்டி என்று விட்டுவிட்டது. அந்த நொண்டியை வைத்தே மறுபடி தலையெடுத்து இன்றைக்கு மூன்று குதிரை கட்டியிருக்கிறேன். ஆளை எடைபோடுவதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆளில்லை. அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், பியோக்லா மாதிரி இன்னொருத்தி கிடையாது.

சமையலறைக் கதவை விட அவள் கொஞ்சம் உயரம். சும்மா குனிந்து நுழைய மாட்டாள், கதவைத் திட்டிக்கொண்டே நுழைவாள். செத்துப்போன புருஷனின் பூட்சைத்தான் போட்டுக்கொள்வாள். உப்பை ருசி பார்க்க மாட்டாள், ஆவியை முகர்ந்தே சொல்லிவிடுவாள். தலைத்துணியைக் காது மறையக் கட்டியிருந்தால் அன்று சமாதானம். காது வெளியே தெரிந்தால் சண்டை. கூடத்துக்குள் நுழைகிற நெசவாளி எவனும் முதலில் அவள் காதைத்தான் பார்ப்பான்.

அந்த ஜார் காலத்தில் நெசவாளிகள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து காசு போட்டு ஒரு சமையற்காரி வைத்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் ஒரே பெரிய மரக்கிண்ணம். சுற்றி உட்கார்ந்து முறை வைத்து முதலில் சாற்றை மட்டும் மொண்டு குடிக்க வேண்டும். பியோக்லா அகப்பையால் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் இறைச்சியில் கரண்டி வைக்கலாம். அதற்கு முன் வைத்தால் அதே அகப்பை நெற்றியில் விழும். பாதிரியார் மகன் ஒருவன் நெற்றியிலேயே விழுந்திருக்கிறது. நான் பார்த்தேன்.

புரட்சி ஏன் வந்தது என்று இப்போது கூட்டம் போட்டு விளக்குகிறார்கள். கேட்டால் நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் பியோக்லா விளக்குகிற மாதிரி வராது. "தறிக்கிட்ட பாடுனா அபராதம். சன்னலத் தொறந்தா அபராதம். கூலிய வாங்கிட்டு வந்தா அதுல பாதி மொதலாளி கடையிலயே புழுத்த மாவுக்குப் போயிரும். எனக்குக் காசு கொறஞ்சுது, சூப்புல கொழுப்பு மெதக்கறது நின்னுச்சு. அப்பவே சொன்னேன், இது எங்கயோ போயி முட்டும்னு."

முட்டியது. 1905 கோடையில் ஊர் முழுக்கத் தறிகள் நின்றன. தினமும் தால்கா ஆற்றங்கரையில் கூட்டம். கூலி இல்லை, கடையில் கடனும் கிடைக்கவில்லை. ஒரு வெள்ளாடு வாங்குவதற்காக வருஷக்கணக்கில் தலையணைக்குள் தைத்து வைத்திருந்த பணத்தைப் பியோக்லா எடுத்தாள். தன் நெசவாளிகளுக்கு அந்தக் கோடை முழுக்கச் சோறு போட்டாள். பிற்பாடு வேலைக்குத் திரும்பியவர்கள் அபராதம் போக மிஞ்சியதில் ஐந்தும் பத்தும் கோபெக்காகக் கொடுத்துத் தீர்த்தார்கள். சில்லறையாக வந்த பணம் சில்லறையாகவே போய்விட்டது.

புரோகோர்தான் பாக்கி. அப்போது செம்பட்டைத் தலை இளவட்டம், பேச்சில் நெருப்பு. ஒருநாள் கூட்டத்துக்கு அவள் கொடுத்தனுப்பிய சூப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு போகிறான், எதிரே சவுக்கும் கையுமாகக் குதிரைப்படை வந்துவிட்டது. சுடச்சுடப் பானையோடு முன்னால் வந்த குதிரைமேல் எறிந்துவிட்டு ஆற்றில் குதித்தான். எல்லோரும் உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள். இவள் மட்டும் கரையில் நின்று, "பாவி, அது கறி போட்ட சூப்புடா!" என்று கத்தினாள். மறுநாள் அவனைப் பிடித்து வடக்கே பனிக்காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜார் போன பிறகுதான் அவன் திரும்பினான். தோல் கோட்டு, ஆலைக் கமிட்டிக்குத் தலைவன். பியோக்லா காது தெரியத் துணி கட்டிக்கொண்டு போய் நின்றாள்.

"அக்கா, ஜார் காலத்துக் கடனையெல்லாம் புது அரசாங்கம் ரத்து பண்ணிருச்சு. பத்திரிகையில கூட வந்திருக்கு" என்று சிரித்தான்.

"ஜாரா வந்து எங்கிட்ட சூப்பு குடிச்சாரு? நீதானடா குடிச்சே?"

அவன் சிரிப்பு அடங்கிவிட்டது. நல்லவன்தான். ஆனால் அவன் கொடுக்க நினைத்தபோது பணம் கெட்டுப்போயிருந்தது. ஒரு தீப்பெட்டிக்கு ஒரு கட்டு நோட்டு நீட்டிய காலம் அது. கடன் வாங்கியவனெல்லாம் தீர்த்துவிடலாம் என்று மூட்டையோடு அலைந்தான். புரோகோரும் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு, "இந்தாங்க அக்கா, ஒம்பது லட்சமாவே வச்சுக்குங்க!" என்று தெருவில் துரத்தினான். அவள் பூட்சு அதிர ஓடிவந்து என் வண்டியில் ஏறி, சாக்குக்கு அடியில் படுத்துக்கொண்டாள். "யெவ்சே அண்ணே, ஓட்டுங்க, ஓட்டுங்க! வாங்கிட்டா கடன் தீந்துரும், ஆடு வராது!" வாங்கியவன் துரத்தக் கொடுத்தவள் ஓடியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் நொண்டிக் குதிரை அன்று நாலுகால் பாய்ச்சலில் போனது. ஓட்டியது யார் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா?

இந்தப் பனிக்காலத்தில் அவள் மகள் லுகேரியாவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. தாய்க்கு இருக்கும் பால் ஒன்றுக்குத்தான் காணும். மற்றொன்று நாளுக்கு நாள் இளைக்கிறது, அழக்கூடத் தெம்பில்லை. போன சனிக்கிழமைச் சந்தைக்கு ஒருத்தி கறவை வெள்ளாடு ஓட்டி வந்தாள். பியோக்லாவின் கைச்சேமிப்பு பாதி விலைக்குத்தான் வந்தது. "பொழுது சாயற வரைக்கும் பாக்கறேன், அப்பறம் ஊருக்கு ஓட்டிக்கிட்டுப் போயிருவேன்" என்றாள் ஆட்டுக்காரி.

அன்றைக்கென்று கூடத்தில் பழைய வேலைநிறுத்தக்காரர்களின் நினைவு விருந்து. பழைய வழக்கப்படி ஒரே கிண்ணம். புரோகோர் எழுந்து பேசினான். "அந்தக் கோடையில நம்மளப் பட்டினியில சாகாமக் காப்பாத்துனது யாரு? மக்கள்!"

"மக்கள் இல்லடா, பியோக்லா!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. கூடமே சிரித்தது. அகப்பையோடு அவள் வெளியே வந்தாள். இரண்டு காதும் தெரிந்தன. சிரிப்பு நின்றது.

சாறு குடித்து முடிந்தது. கிண்ணத்தில் கறி மட்டும் கிடக்கிறது. எல்லோரும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவள் தட்டுவதற்காகக் காத்திருக்கிறார்கள். அவள் அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள்.

"தட்டு தாயே, ஆறிப்போவுது" என்றார் கிழட்டு நெசவாளி திரிஃபோன்.

"தட்ட மாட்டேன்."

"இது என்ன, வேலைநிறுத்தமா?"

"ஆமா. ஒங்ககிட்டக் கத்துக்கிட்டதுதான்."

புரோகோர் தொண்டையைச் செருமினான். "அக்கா, தலைவன் நான் சொல்றேன். எல்லாரும் சாப்பிடலாம்." கரண்டியை நீட்டினான். சுற்றிலும் ஒரு கையும் அசையவில்லை. அவன் கரண்டியும் பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஆலைக்கு நீ தலைவன். கிண்ணத்துக்கு நாந்தான்" என்றாள் பியோக்லா.

"எத்தன தடவ குடுக்க வந்தேன்? நீங்கதான ஓடி ஒளிஞ்சீங்க!"

"காகிதத்தப் புழிஞ்சாப் பால் வருமாடா? இப்பத்தான் வெள்ளிக்காசு வந்திருச்சில்ல, வையி. புள்ள கெடக்கு. ஆடு பொழுது சாயற வரைக்கும்தான் நிக்கும்."

சன்னல் கண்ணாடியில் வெயில் ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டது. சந்தைக்கு ஓட்டத் தயாராகக் குதிரையை அவிழ்க்காமல்தான் வாசலில் நிறுத்தியிருந்தேன். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புரோகோர் தோல் கோட்டின் உள்பையைத் துழாவினான். அந்த வாரக் கூலி, புத்தம்புது வெள்ளி. அவள் இடது கையை நீட்டினாள். வலது கையில் அகப்பை தூக்கியபடியே இருந்தது. முதல் ரூபிள் விழுந்ததும் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். காசில் ஒரு தொழிலாளி ஒரு விவசாயியின் தோளை அணைத்துக்கொண்டு எதையோ காட்டுகிறான்.

"என்னத்தடா காட்டறான்?"

"சூரியன் வருதுன்னு காட்டறான் அக்கா. புது வாழ்வு."

"அது சரி. இதுங்க ரெண்டுக்கும் கஞ்சி காய்ச்சுனவ எங்க?"

அவன் ஒவ்வொன்றாக வைத்தான். இரண்டு, மூன்று என்று கூடம் முழுக்கத் தணிந்த குரலில் கூடவே எண்ணியது. ஒன்பதாவது ரூபிளும் விழுந்தது. புரோகோர் மூச்சை விட்டுக் கரண்டியை எடுத்தான்.

அவள் கை மூடவில்லை. அகப்பையும் இறங்கவில்லை.

அவன் அந்தக் கையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். நரைத்த தாடிக்குள் இருந்து பழைய செம்பட்டை நிறம் கன்னத்துக்கு ஏறியது. இன்னொரு பையில் கைவிட்டு, வெகுநேரம் தேடி, ஒரு இருபது கோபெக் காசை எடுத்தான். ஒன்பது வெள்ளிக்கும் மேலே, விரித்த உள்ளங்கையில், பானைக்காக அதை மெதுவாக வைத்தான்.