தீபிகா கேட்டுக்கொண்டது

தமிழினி பள்ளிபாளையத்துத் தறிக்காரர் மகள். சேலத்தில் ஒரு மருத்துவமனையில், குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான மருத்துவ உளவியல் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. அங்கேதான் தீபிகா அவளிடம் வந்தாள். பதினாறு வயது. நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ. சாப்பாடு இறங்கவில்லை என்று அழைத்து வந்திருந்தார்கள்.

மூன்று வாரம் மேசைமேல் விரலால் கோடு போட்டாளே தவிர வாய் திறக்கவில்லை. நாலாம் வாரம் தலை நிமிராமலே சொன்னாள்: "எனக்கு உசுரோட இருக்கவே புடிக்கலீங்கக்கா. எப்பன்னுகூட முடிவு பண்ணிட்டேன். ஊட்ல சொல்லிராதீங்க."

உயிருக்கு ஆபத்தென்றால் மறைக்க முடியாது என்று முதல் நாளே தமிழினி சொல்லியிருந்தாள். இப்போது மறுபடி சொன்னாள். தீபிகா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "உங்கள நம்பித்தான சொன்னேன்!"

தமிழினி அவள் அப்பாவை வரவழைத்துச் சொல்லிவிட்டாள். அவளுக்குப் பயிற்சி தரும் ஷாலினியும் உடனிருந்தார். தீபிகாவின் அப்பா காளியப்பன், முட்டை லாரி டிரைவர், விருட்டென்று எழுந்தார்.

"ஏனுங்க, எம்புள்ளைக்குப் பைத்தியம்னு எழுதி வெச்சுருவீங்களா? நாளைக்கு எவன் கட்டுவான்? பரீட்சை முடியட்டும், வாரோம்."

வார்டில் சேர்க்கச் சொல்லி ஷாலினி கெஞ்சியும் கேட்கவில்லை. அன்றைக்கே விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

தமிழினி போன் மேல் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. விடுதியில், "பொண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். ஷாலினியும் அவளும் குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தார்கள். அவர்கள் ஆள் விடுதிக்குப் போனபோது தீபிகா உயிரோடு இருந்தாள். புத்தகப் பைக்குள் அம்மாவுக்கு எழுதிய கடிதம் இருந்தது.

நமக்கெதற்கு வம்பு என்று பள்ளிக்கூடம் மறுநாளே டி.சி. கொடுத்துவிட்டது. காளியப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு வந்தார்.

"படிப்பும் போச்சு, மானமும் போச்சு. இப்பச் சந்தோசமுங்களா?"

தீபிகா ஷாலினியைப் பார்த்து, "இவங்க வேண்டாங்க. வேற யாராச்சும் இருந்தாப் பேசறேன்," என்றாள்.

ஆறு மாதமாகச் செவ்வாய்தோறும் பத்தரை மணிக்கு ஷாலினியிடம் வருகிறாள். கொஞ்சம் சாப்பிடுகிறாளாம். வராந்தாவில் தமிழினி எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குத் தமிழினி அறையை விட்டு வெளியே வருவதில்லை.