தறியை நிறுத்திய சொல்

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மகன் ஜோயலுக்கு நாலு வயது. காது நன்றாகக் கேட்கும். சொன்னதெல்லாம் புரியும். பேச்சுதான் வரவில்லை. வாயைத் திறப்பான், தாடையை அசைப்பான், கண் கலங்கிவிடும். வேலூரில் பேச்சுப் பயிற்சி தருகிற மேடம் அவனைப் பார்த்துவிட்டு, "என்ன சொல்லணும்னு அவனுக்குத் தெரியுதும்மா. மூளை சொல்றது வாய்க்குச் சரியா போய்ச் சேரல. பொறுமையா பழக்கணும்" என்றார். ஆரணிக்குத் திரும்பும் பஸ் கண்ணமங்கலம் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

எனக்கு ஒரே பயம். இவனுக்கு ஆபத்து என்றால் யாரை எப்படிக் கூப்பிடுவான்? ஆரணி பஸ் ஸ்டாண்டில் கை நழுவினால் தன் பேரைக்கூடச் சொல்ல முடியாதே! அவன் ஒரு நிமிஷம் கண்ணில் படாவிட்டாலும் எழுந்து தேடப் போய்விடுவேன்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் சபையிலிருந்து ஒரு சகோதரி வீட்டுக்கு வந்தார். "ஊமை ஆவி புடிச்சிகினு இருக்குது சிஸ்டர். உபவாச ஜெபத்துக்கு இட்டுகினு வாங்க" என்றார். போனோம். எல்லோரும் சுற்றி நின்று, "இயேசுன்னு சொல்லு, சொல்லு" என்று சத்தம் போட்டார்கள். அன்போடுதான் செய்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளை மிரண்டுபோனான். அதற்குப் பிறகு வாயைத் திறப்பதையே விட்டுவிட்டான். நான் நொறுங்கிப்போனேன்.

"ஆண்டவரே, அவன் பாட்டும் வசனமும் சொல்லவேண்டும் என்று கேட்கவில்லை. ஆபத்தில் கூப்பிட ஒரு சொல் கொடும்." தினமும் இதுதான் என் ஜெபம்.

நெருக்கக்கூடாது, விளையாட்டாகப் பழக்குங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் அவனைத் தறியில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். "அப்பா" என்பதில் பாதியாவது வரட்டும் என்று, பட்டுச் சேலை நெய்யும்போது தறி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் "பா... பா..." என்பார். ஜோயல் உதட்டை மூடி மூடித் திறப்பான். சத்தம் வராது. மாதக்கணக்கில் இப்படித்தான் போனது.

ஒரு சனிக்கிழமை காலை. உள்ளறையில் அவர் நெய்துகொண்டிருந்தார். நான் முன்னறையில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்கு வேண்டிய நூலைக் குச்சியில் சுற்றுகிற வேலை, சின்ன மோட்டாரில். குனிந்தபோது தோளில் கிடந்த துப்பட்டா அதில் சிக்கியது. ஒரு நொடிதான், கழுத்தை இறுக்கிவிட்டது. சுவிட்ச் எட்டவில்லை. கத்தப் பார்த்தேன், குரல் வரவில்லை. இதுநாள்வரை என் பிள்ளை பட்ட பாடு என்ன என்று அப்போது தெரிந்தது.

ஜோயல் வாசற்படியில் நின்று என்னையே பார்த்தான். வீரிட்டு அழுதான். தறி ஓடிக்கொண்டேயிருந்தது. அவன் அழுவது அவருக்குப் பழகிப்போன சத்தம். செத்தேன் என்றே நினைத்தேன்.

அவன் உதடு மூடியது. உள்ளே தறி ஒரு அடி அடித்தது. "பா!" அடுத்த அடிக்கு, "பா! பா!"

தறி நின்றது.

"எந்தங்கமே, இன்னா சொன்ன?" என்று சிரித்துக்கொண்டே ஓடிவந்தவர் என்னைப் பார்த்துப் பதறி சுவிட்சை அணைத்தார். துப்பட்டாவை அறுத்தெடுத்தார். மூச்சு வந்ததும் நான் முதலில் பிள்ளையைத்தான் தேடினேன். அவன் இன்னும் "பா, பா" என்று சொல்லிக்கொண்டே நின்றான்.

அவனுக்கு ஆபத்து வரும் என்றுதான் நான் பயந்து பயந்து ஜெபித்தேன். ஆண்டவர் அந்தச் சொல்லைக் கொடுத்து என்னைக் காப்பாற்றினார்.

பயிற்சி நடக்கிறது. இப்போது "பா", "போ", "வா" வருகிறது. "அம்மா" இன்னும் வரவில்லை. பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் இப்போது பயத்தோடு தனியாக உட்கார்ந்திருப்பதில்லை, ஜெபத்தில் உட்காருகிறேன்.

இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், "சொல்லு, சொல்லு" என்று நெருக்காதீர்கள். பயிற்சிக்குக் கூட்டிப்போங்கள். கூடவே ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். சத்தமே வராத வாயிலிருந்தும் அவர் பதில் தருவார். அந்தப் பதிலால்தான் நான் உயிரோடிருந்து இதை எழுதுகிறேன்.