செங்கொடி அடிக்காத விசில்

விம்கோ நகர் செங்கொடிக்கு அண்ணாந்து பார்ப்பதே பிழைப்பு. வாரத்தில் ஆறு நாள் கன்டெய்னர் யார்டில், அடுக்கி வைத்த பெட்டிகளில் எங்கே ஒடுக்கு, எங்கே ஓட்டை என்று பார்த்து எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் தன் புறாக்களைப் பார்ப்பாள். பதினோரு வருடமாகப் பந்தயத்தில் விடுகிறாள், ஒரு கோப்பை இல்லை. "பொம்பளைக்கு இன்னாத்துக்குப் புறா?" என்று கேட்கிற வாய்கள் மட்டும் ஓயவில்லை. பக்கத்து வீட்டுக்காரியான எனக்கே அந்த வாய்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

காலை ஆறு மணிக்குப் புறாவை விட வேண்டும். அதிக நேரம் இறங்காமல் பறப்பது ஜெயிக்கும். விட்ட பிறகு, அது இறங்கும்வரை யாராவது கைதட்டினாலோ விசிலடித்தாலோ அவுட். போன வாரம் போட்டிக்காரர் ஆசீர்வாதத்தின் புறா ஐந்து மணி நேரம் பத்து நிமிடம் பறந்து முதலிடத்தைப் பிடித்திருந்தது.

இந்த வாரம் செங்கொடியின் மல்லி ஐந்து மணி நேரம் பறந்துவிட்டுத் தாழ்ந்து வந்தது. இன்னும் பத்தே நிமிடம் வேண்டும். அப்போது புறாவைத் தூக்கும் வல்லூறின் குரல், 'கிட்டீ, கிட்டீ' என்று கேட்டது. மல்லி பதறி மேலே ஏறியது.

வேடிக்கை பார்க்க வந்த ஆசீர்வாதம் குதித்தார். "இவ விசிலடிச்சிட்டா பாய்! அவுட்டு குடு!"

நடுவர் மதார் சாகிப் வானத்தைத் துழாவினார். வல்லூறு எதுவும் இல்லை. செங்கொடியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"நான் இல்ல பாய், அந்தக் கரிச்சான்தான்." கேபிள் ஒயரில் இருந்த இரட்டைவால் கறுப்புக் குருவியைக் காட்டினாள்.

ஆசீர்வாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரி நைனா" என்றவள், பாட்டில் தண்ணீரை வாய் நிறைய ஊற்றிக்கொண்டாள். கன்னம் உப்பியபடி, மூலையில் கிடந்த ஈரச் சாக்கைப் புரட்டினாள். கரப்பான்கள் சிதறி ஓடின, மைனாக்கள் வந்து இறங்கின. உடனே ஒயரிலிருந்து கரிச்சான் கத்தியது: 'கிட்டீ, கிட்டீ!' அசல் வல்லூறு. மைனாக்கள் அலறிப் பறக்க, அது சாவகாசமாக வந்து கொழுத்த கரப்பானைக் கொத்திக்கொண்டு போனது. அவள் ஞாயிறுதோறும் பார்க்கிற திருட்டு; எங்களுக்குத்தான் புதிது.

தண்ணீரை ஆசீர்வாதத்தின் காலடியில் கொப்பளித்தாள்.

"குருவி கத்துனாலும் அவுட்டுதான்!" என்றார் அவர்.

"ரூலு மன்சனுக்குத்தான் நைனா" என்று மதார் சாகிப் கடிகாரத்தைக் காட்டினார். "நீ சண்ட போட்டுகினு இருந்த, மணி பதினொண்ணு தாண்டி பன்னண்டு நிமிசம் ஆயிடுச்சு. மல்லி இன்னும் மேலதான் கீது."

சந்தோஷத்தில் நான் விரலை வாய்க்குள் வைத்தேன். செங்கொடி பாய்ந்து என் கையைத் தட்டிவிட்டாள். "அடிக்காதக்கா! இன்னும் எறங்கல!"

பன்னிரண்டு மணிக்கு மல்லி இறங்கியதும் நான் அடித்த விசில் எர்ணாவூர் வரை கேட்டிருக்கும்.