மொட்டை மாடியில் ஒரு மீன் ஏலம்

"பல்லு கட்டிக்கினு வந்தியே, அப்பறம் இன்னாத்துக்குடி வாய மூடிக்கினே பேசற?" என்று ஒருத்தி கேட்டாள். "மறந்துட்டேன்டி" என்றாள் இன்னொருத்தி. ராயபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்து காதில் விழுந்த பேச்சு இது. பல் கட்டுவது வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. கட்டிய பல்லை வெளியே காட்டுவதற்கு அதைவிட அதிக நாள் ஆகும் என்பது அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

நானும் கொஞ்ச காலம் இருந்தேன். பி.காம். முடித்துவிட்டு வங்கிப் பரீட்சைகள் எழுதிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ராயபுரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்த பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பது, கருவிகளைக் கொதிக்க வைப்பது, டாக்டர் கேட்பதை எடுத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். "அடுத்தது யாரு?" என்று கூப்பிட எனக்குக் குரல் எழும்பாது. எழுந்து போய், டோக்கன் வைத்திருப்பவர் பக்கத்தில் நின்று, காதோடு சொல்வேன். முன்பல் போன பிறகு கல்யாண வீடுகளில் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர்கள் உங்களில் இருந்தால், எங்களிடம் வந்தவர்களை உங்களுக்குப் புரியும்.

தடைக்காலக் கூட்டம்

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் எங்கள் பெஞ்சில் இடம் இருக்காது. விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். கடலுக்குப் போகிறவர்கள், ஐஸ் உடைப்பவர்கள், கூடைக்காரம்மாக்கள் எல்லோரும் வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட பல்லோடு மாடி ஏறுவார்கள். அப்படி ஒரு தடைக்காலத்தின் ஆரம்பத்தில்தான் சரோஜாக்கா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேலை ஏலம் கூவுவது. படகிலிருந்து மீனைக் கொட்டியதும் வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள். நடுவில் நின்று விலையை ஏற்றி ஏற்றிக் கூவி விற்றுத் தரவேண்டும். ஐஸ் பெட்டி இறக்கும்போது அதன் மூலை இடித்து மேல் முன்பற்கள் மூன்று போய்விட்டன. புண் ஆறி மறுபடி கூவப் போன அன்று, எண்களுக்கு நடுவே காற்று புஸ்ஸென்று போயிருக்கிறது. கூட்டத்தில் எவனோ "டயரு பஞ்சரு டோய்" என்றானாம். சிரித்த சிரிப்பில் ஏலமே கலைந்துபோனது. அன்றிலிருந்து அந்த இடத்தில் நின்று கூவுவது அவருடைய ஓரகத்தி கலா. 'தடை முடிஞ்சு படகு கரைக்கு வர்றதுக்குள்ள வாய சரி பண்ணிக்க, இல்லன்னா கலாவே கூவட்டும்' என்று படகு ஓனர் சொல்லிவிட்டார்.

"வீட்ல கூவிப் பார்த்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். அக்கா தலைப்பை எடுக்காமலே சொன்னார்: "காலி தண்ணி டிரம்முல தலைய வுட்டுக் கத்துனா பழைய கொரலு வருது சாரு. அதுக்காக டிரம்ம மாட்டிக்கினா ஏலத்துக்குப் போவ முடியும்?"

ஓடிப்போனவன் கதை

பிரிட்ஜ் என்றால் என்ன என்று விளக்குவதற்குள் டாக்டருக்குத் தொண்டை வற்றிவிடும். பல் இல்லாத இடத்தின் இரண்டு பக்கமும் இருக்கிற நல்ல பற்களைத் தேய்த்துச் சின்னதாக்கி, அவற்றின் மேல் தொப்பி மாதிரி மாட்டினால்தான் நடுவில் புதுப் பல் நிற்கும். இதைக் கேட்டதும் பாதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள்.

சரோஜாக்கா அடுத்த முறை வந்த அன்று, எர்ணாவூரிலிருந்து வந்திருந்த ஃபேக்டரிக்காரர் ஒருவரும் எழுந்துவிட்டார். "போனது ஒண்ணு. அதுக்கு நல்லா கீற ரெண்ட ஏன் சார் பேஜாரு பண்றீங்க? எங்க தெருவுல ஒருத்தன் ஓடிப்போயிட்டா பக்கத்து வூட்டுக்காரனையா புடிச்சு ஒதைப்பாங்க?" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த டோக்கன் சரோஜாக்காவுடையது. எல்லாவற்றையும் பெஞ்சிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியில் சாய்ந்து, டாக்டர் பேச ஆரம்பிக்கும் முன்பே கையைக் காட்டி நிறுத்தினார்: "எல்லாத்தையும் தேச்சாலும் தேச்சுக்கோ சாரு. ஏலத்துக்குள்ள வாயக் குடுத்துடு, போதும்."

சிரித்த போட்டோ

முன்பல் கட்டும்போது பழைய போட்டோ கேட்பது எங்கள் டாக்டரின் வழக்கம். பல் அகலமா நீளமா, லேசாகத் திரும்பியிருந்ததா என்று பார்த்துக்கொள்வார். அதனால் "பல்லு தெரியற மாதிரி சிரிச்ச போட்டோ இருந்தா கொண்டு வாங்க" என்று சொல்வது என் வேலையாயிற்று. இதில் எத்தனை சங்கடம் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். ரேஷன் கார்டில் சிரித்தவர் யார்? கல்யாண போட்டோவிலும் பொண்ணு தலை குனிந்திருக்கும், மாப்பிள்ளை முறைத்துக்கொண்டிருப்பார்.

திருவொற்றியூரிலிருந்து ரோசம்மா என்று ஒரு பள்ளிக்கூட ஆயா வருவார். ஒரு போட்டோவுக்காக வீட்டை இரண்டு முறை புரட்டிப் போட்டிருக்கிறார். கடைசியில் யாரோ உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த கும்பல் படத்தைக் கொண்டுவந்தார். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, இருபது வயது ரோசம்மா நிற்கிறார். எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவர் மட்டும் படத்துக்கு வெளியே யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பற்களைப் பார்த்துவிட்டு "நல்லா தெரியுதும்மா, போதும்" என்றார்.

ரோசம்மா படத்தைத் திரும்ப வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பல்லு கெடச்சிடும் பாப்பா. யாரப் பாத்து அப்பிடி சிரிச்சேன்னுதான் ஞாபகத்துக்கே வர்ல."

லேப்பிலிருந்து வந்துச்சா?

அச்சு எடுத்து, பல் செய்யும் லேப்புக்கு அனுப்பிவிட்டால் பல் வரும்வரை நோயாளிக்கு எங்களிடம் வேலை இல்லை. சரோஜாக்கா மட்டும் வருவார். மார்க்கெட்டுக்குப் போகும் வழி என்பார். மார்க்கெட் நேர் எதிர்த் திசையில் இருந்தது. மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அதில் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த படகுகளின் கம்பங்கள் கொஞ்சம் தெரியும். அங்கே படியில் உட்கார்ந்துவிடுவார். கூட்டம் குறைந்ததும் நானும் பக்கத்தில் போய் நிற்பேன்.

"கலாவும் நல்லாத்தான் கூவுறா" என்றார் ஒரு நாள், நான் கேட்காமலே. "நான்தான் கத்துக் குடுத்தேன். தடைக்கு முன்ன அவ கொரல வெளியிலர்ந்து கேக்கறப்ப வயிறு எரிஞ்சுது. அவ இன்னா பண்ணுவா, பாவம்." நான் "ஏலத்தில அப்படி என்னக்கா?" என்று கேட்டேன். கேட்டதும் கூச்சமாகிவிட்டது. அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "விடியறதுக்கு முன்ன லைட்டு வெளிச்சத்துல மீனு அப்பிடியே மினுக்கும். நான் வாயத் தொறந்தா அத்தினி ஆம்பளையும் பேச்ச நிறுத்திட்டு என்னையே பாப்பான். வூட்ல சோறு போட்டாகூட எவனும் தலை தூக்கிப் பாக்க மாட்டான் பாப்பா."

அடக்கமான பரிசோதனை

பல் வந்தது. சரியாக உட்கார்ந்தது. அக்கா கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார். புதுப் பல்லோடு பேச்சு சரியாக வருகிறதா என்று டாக்டர் எப்போதும் சோதிப்பார். "ஐம்பத்தொண்ணுலேர்ந்து அறுபது வரைக்கும் சொல்லுங்க" என்றார். எங்கள் டாக்டர் கோயிலில் பேசுவதுபோல் பேசுகிறவர். அவர் எதிரில் யாருக்குமே குரல் இறங்கிவிடும். அக்காவும் மிக அடக்கமாக அறுபது வரை சொன்னார். காற்று எங்கும் போகவில்லை. எந்தப் பிரிட்ஜையும் முதலில் லேசான சிமெண்டில் ஒட்டி, சில நாள் பார்த்துவிட்டுத்தான் பக்காவாக ஒட்டுவது வழக்கம். அக்காவுக்கும் அப்படி லேசாக ஒட்டி அனுப்பினோம்.

தடை முடிந்து முதல் படகுகள் கரைக்கு வந்தன. அன்று நாங்கள் கதவைத் திறக்கும்போது அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். வாயில் தலைப்பு. முந்தானை முடிச்சை அவிழ்த்து பிரிட்ஜை என் உள்ளங்கையில் வைத்தார். இறால் வாசனை அடித்தது. விலை ஏற ஏற இவரும் குரலை ஏற்றியிருக்கிறார். பல் கழன்று இறால் குவியலில் விழுந்துவிட்டது. கலாதான் தேடி எடுத்து, ஐஸ் தண்ணீரில் கழுவிக் கொடுத்திருக்கிறாள். இறால் காத்திருக்காதே, மீதி ஏலத்தையும் அவளே கூவி முடித்தாளாம். ஞாயிற்றுக்கிழமை பெரிய படகு வருகிறது, அன்றைக்கும் இப்படி ஆனால் இனிமேல் கலாதான் என்று ஓனர் சொல்லிவிட்டார்.

இவ்வளவையும் அழாமல் சொன்னவர், கடைசியில் சொன்னது இது: "இறாலுக்கு வெல கேட்டவன், 'பல்லு தனியா, சேத்தா?'ன்னான் பாப்பா."

மாடியில் ஏலம்

டாக்டர் பிரிட்ஜைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த நாற்காலியில அலறாத ஆளே கிடையாது. நானா அலறச் சொல்லிப் பார்த்ததில்ல" என்றார். சாதாரணமாகப் பேசும்போது இடிக்காத கீழ்ப்பல், வாயை அகலத் திறந்து வேகமாக மூடும்போது பிரிட்ஜின் பின்பக்கத்தைத் தட்டுகிறது. எங்கே தட்டுகிறது என்று தெரிந்தால் அங்கே தேய்த்துவிடலாம். அதற்கு அக்கா ஏலம் கூவ வேண்டும். உள்ளே கூவினால் பெஞ்சில் இருப்பவர்கள் ஓடிவிடுவார்கள் என்று மூன்று பேரும் மொட்டை மாடிக்குப் போனோம். பல் எங்கே இடிக்கிறதோ அங்கே நீல நிறம் ஒட்டுகிற காகிதத்தை டாக்டர் எடுத்துக்கொண்டார்.

எதிரில் ஆள் விலை கேட்காமல் எப்படிக் கூவுவது என்றார் அக்கா. டாக்டர் என்னைப் பார்த்தார். காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் நான் மீன் வியாபாரியாக நின்றேன். அக்கா "வஞ்சிரம் ஆயிரம்!" என்றார். நான் "ஆயிரத்து நூறு" என்றேன், எனக்கே கேட்கவில்லை. "கத்து பாப்பா! மீனு செத்துதான் கீது, யாருக்குப் பயப்படற?" என்று ஒரு அதட்டல் போட்டார். கத்தினேன். அவர் என்னைவிட உயரே போனார். நான் இன்னும் ஏற்றினேன். பக்கத்து மாடியில் வற்றல் காயப்போட்ட அம்மா எழுந்து நின்றுவிட்டார். நடுநடுவே டாக்டர் அக்காவின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பார். பிரிட்ஜைக் கழற்றிக்கொண்டு கீழே ஓடி, நீலம் பட்ட இடத்தைத் தேய்த்து மேலே கொண்டு வருவார். கடைசித் தடவை நீலப் புள்ளி விழவில்லை. அக்காவின் குரல் தெருமுனை வரை போயிற்று.

கீழே ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, அண்ணாந்து பார்த்துக் கத்தினார்: "யக்கா, மீன மேலர்ந்து கொட்றதா இருந்தா சொல்லு, வண்டிய நவுத்திக்கிறேன்!"

முதல் விலை

சனிக்கிழமை பக்கா சிமெண்டில் ஒட்டியாயிற்று. "எப்படி நிக்குதுன்னு முடிஞ்சா பார்த்துட்டு வாம்மா" என்றார் டாக்டர். அவர் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். ஞாயிறு விடிவதற்குள் காசிமேட்டில் ஒரு ஐஸ் வண்டியின் பின்னால் இடம் பிடித்து நின்றுகொண்டேன். பக்கத்தில் கூடையோடு ஒரு அம்மா இருந்தார். வஞ்சிரத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். குவியலுக்குப் பக்கத்தில், கூவுகிறவர் நிற்கும் இடத்தில், முப்பது வயதில் மெலிந்த ஒரு பெண் நின்றிருந்தாள். "அவதான் கலா. இன்னிக்கு யாரு கூவறாங்கன்னு தெர்ல" என்றார் கூடைக்காரம்மா. சரோஜாக்கா நேராக நடந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஓனர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்து 'கூவு' என்பதுபோல் தலையசைத்தார்.

அக்கா முதல் விலையைச் சொன்னார். குரல் சுத்தமாக, உயரமாக எழுந்தது. காற்று போகவில்லை, எதுவும் ஆடவில்லை. ஆனால் யாரும் விலை கேட்கவில்லை. அத்தனை ஆண்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எப்போது விழும் என்று. பின்வரிசையில் ஒருவன் ஏற்கெனவே இளிக்க ஆரம்பித்திருந்தான். "மொத வெலைக்கு பதில் வர்லன்னா அவ்ளோதாம்மா, எடத்த வுட்டு எறங்கிடணும்" என்று கூடைக்காரம்மா முணுமுணுத்தார். அக்கா அதே விலையை இரண்டாம் முறை சொன்னார். அலைச் சத்தம் கேட்டது.

கலா தன் இடத்தை விட்டு இறங்கினாள். குவியலைச் சுற்றிக்கொண்டு போய், இரண்டு வியாபாரிகளை முழங்கையால் தள்ளிவிட்டு, அவர்கள் வரிசையில் தானும் ஒரு வியாபாரியாக நின்று, அக்காவின் முகத்தைப் பார்த்து நூறு ரூபாய் கூட்டிக் கேட்டாள்.