பாதியாக வருவது

வேலணையில் பஸ்ஸால் இறங்கிப் பாடசாலைக்குள் நுழையும்போதே காவலாளி சொல்லிவிட்டார்: "தவமணி ரீச்சர் விடியப்புறம் மோசம் போயிட்டா." ஆசிரியர் அறையில் அவருடைய கதிரைக்குப் பக்கத்துக் கதிரை என்னுடையது. அவர் உயிரியல், நான் தமிழ். அந்தச் சாவுச் செய்தியோடு அன்று எனக்குப் பாடம் ஓடவில்லை.

அவரிடம் படித்தவர்கள் அந்தப் பாடத்தை மறந்திருக்கமாட்டீர்கள். உடம்பின் மற்றக் கலங்கள், அதாவது செல்கள், பிரியும்போது நிறமூர்த்தங்கள் என்ற குரோமோசோம்கள் எண்ணிக்கை குறையாமல் போகும். முட்டையும் விந்தும் உருவாகும்போது மட்டும் பாதியாகும். "பாதியா வந்தாத்தான் மற்றப் பாதிக்கு இடமிருக்கும்" என்பார். பக்கத்து வகுப்பில் நின்று நானும் கேட்டிருக்கிறேன்.

கலியாணமாகிப் பல வருடமாகியும் எனக்குப் பிள்ளையில்லை. மாமியின் வாயில் நான் மலடி. வெள்ளிக்கிழமை விரதமும் நயினாதீவு அம்மன் கோயில் படகும் எனக்கு மட்டும்தான். "விரதம் பிடியும், வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஒரு தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் பிடியும்" என்று தவமணி அக்கா சீண்டுவார்.

ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வளவில் பனம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த மாமி, வழக்கம்போல என் குறையைத் தொடங்கினார். அக்கா வேலியோரப் பனையைக் காட்டினார்.

"அது ஏனம்மா காய்க்கேல்லை?"

"அது ஆண்பனையெல்லோ! எப்பிடிக் காய்க்கும்?"

"அதின்ரை மகரந்தம் காத்தில வராட்டில் இந்தப் பெண்பனைக்குப் பழமேது? பிள்ளைக்கும் பாதி இவளிட்டை, பாதி உங்கட மகனிட்டை. அவரையும் ஒருக்காச் சோதிக்கச் சொல்லுங்கோ."

மாமி பனம்பழக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். சில நாட்கள் கழித்து அவரே மகனைச் சோதனைக்கு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்.

என் கணவரின் விந்தில் உயிரணுக்களே இல்லையென்று தெரிந்தது. வைத்தியம் செய்தும் பலனில்லை. சோதனை முடிவு தெரிந்த அன்று இருவரும் சேர்ந்து அழுதோம். அதுவரை நான் தனியே அழுதவள்.

அக்காவுக்கும் பிள்ளையில்லை. காரணத்தை அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. புளியங்கூடலில் அவருடைய செத்தவீட்டில், "மலடியெண்டாலும் எவ்வளவு சனம் பார்" என்று யாரோ ஒருத்தி கிசுகிசுத்தாள். பக்கத்தில் இருந்த மாமி திரும்பினார்.

"அந்தச் சொல்லை எடாதை. என்ரை வாயிலயிருந்து அதைப் பிடுங்கினவதான் உதில கிடக்கிறா."

அக்கா, எங்கள் வீட்டில் பிள்ளை இல்லை. அந்தச் சொல்லும் இல்லை. அந்தச் சொல் இல்லாத வீடுதான் நீங்கள் எனக்கு விட்டுப்போனது.